கேமரா போர்டின் பூட் வழியையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்காணிப்புக் கேமராக்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாமல் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துக்கொண்டு இணையத்தையே தடுமாற வைத்ததைச் சரியான நேரத்தில் நினைவூட்டினீர்கள். கட்டுரையின் கடைசியில், முடிந்தவரை ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் இயங்கும் கேமராவைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு யோசனையும் இருந்தது. நல்ல யோசனைதான். அதைப் படித்தவர்கள் என்னிடம் வந்து கேட்ட முதல் கேள்வி, "இப்போது இருக்கும் கேமராவிலேயே அதைப் போட முடியுமா?" என்பது. கட்டுரை அந்த இடத்தில் நின்றுவிட்டது. மின்சாரம் கொடுத்த முதல் ஓரிரு நொடியில், அதாவது பூட் ஆகும்போது, போர்டு எதை எங்கிருந்து படிக்கிறது, அதை மாற்ற உரிமையாளருக்கு வழி இருக்கிறதா என்பதைப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். அதை விரிவாக எழுத இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

நான் மின்னணு போர்டுகளைப் பழுதுபார்ப்பவன். என் மேசைக்கு வரும் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் லென்ஸும் சென்சாரும் நன்றாகவே இருக்கின்றன. விற்றவர்கள் சர்வரை நிறுத்தியிருப்பார்கள், ஆப் உள்ளே விடாது, கேமரா தன் நிறுவனத்தைத் தேடித் தேடி சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இப்படி வரும் ஒவ்வொன்றையும் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. திருகாணிகளைக் கழற்றி போர்டை வெளியே எடுத்ததும் நான் தேடுவது பெரிய சிப்பை அல்ல. ஓரத்தில் வரிசையாக இருக்கும் மூன்று அல்லது நான்கு சிறிய செப்புப் புள்ளிகளை. அவைதான் சீரியல் போர்ட். அவை இருந்தால் அந்த போர்டோடு பேசிப் பார்க்கலாம்.

வாசகர்களுக்காக, கேமரா விழித்துக்கொள்ளும் முறையைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கேமராவின் முதன்மை சிப்புக்குள் பூட்ராம் என்ற ஒரு சிறு நிரல் தொழிற்சாலையிலேயே பதியப்பட்டிருக்கும். அதை யாராலும் மாற்ற முடியாது. மின்சாரம் வந்ததும் அது பெரும்பாலும் சில பின்களின், அதாவது சிப்பின் கால்களின், மின்னழுத்தம் மேலே இழுக்கப்பட்டிருக்கிறதா, கீழே இழுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். கடுகளவு ரெசிஸ்டர்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. அதற்கேற்ப எஸ்டி கார்டிலிருந்தோ, எட்டுக் கால் எஸ்பிஐ ஃப்ளாஷ் என்ற சேமிப்பு சிப்பிலிருந்தோ, இஎம்எம்சி என்ற பெரிய சேமிப்பு சிப்பிலிருந்தோ அடுத்த நிரலை எடுக்கும். அந்த நேரத்தில் வெளி நினைவகம் இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதனால் சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகத்துக்குள் அடங்கும் அளவு நிரலைத்தான் அதனால் ஏற்ற முடியும். சில சிப்களில் அதற்குக் கிடைப்பது 32 கிலோபைட்தான். எஸ்பிஎல் எனப்படும் அந்தக் குட்டி நிரல்தான் முதன்மை நினைவகத்தை எழுப்புகிறது. அப்புறம் இயங்குதளத்தை ஏற்றிவிடும் முழு பூட்லோடர் வருகிறது. பெரும்பாலும் அது யு-பூட். வுல்ஃப்காங் டெங்க் 2000-இல் பவர்பிசி என்ற செயலி கொண்ட போர்டுகளுக்காகத் தொடங்கிய திட்டம் அது. 2002-இலிருந்து இந்தப் பெயரில், மூல நிரலைப் பகிரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வளர்ந்து வருகிறது. யு-பூட் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையும், போர்டில் எந்த உறுப்பு எந்தப் பின்னில் இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் நினைவகத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியைத் தவிர மற்ற எல்லாமே மாற்றக்கூடியவை. கெர்னல், கோப்புகள், படம் அனுப்பும் நிரல், பாஸ்வேர்டு எல்லாம் அதில் அடங்கும். ஆனால் நடுவில் யாராவது பூட்டுப் போட்டுவிட்டால் அதற்குப் பின்னால் வரும் எதையும் தொட முடியாது. கேமராவில் லினக்ஸ் ஓடுகிறது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் வைத்து அதை ஓப்பன் சோர்ஸ் கேமரா என்று நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

திறந்திருக்கும் போர்டில் வேலை எப்படிப் போகும் என்பதையும் சொல்கிறேன். யுஎஸ்பி சீரியல் மாற்றியை எடுத்துக்கொண்டு, அதன் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். 1.8 வோல்ட் போர்டுகளும் உண்டு. கிரவுண்டைக் கிரவுண்டோடு சேர்த்து, அனுப்பும் கம்பியைப் பெறும் கம்பியோடு குறுக்காக இணைக்க வேண்டும். நான்காவது புள்ளியில் வரும் மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். வேகம் பெரும்பாலும் 115200. கேமராவுக்கு மின்சாரம் கொடுத்ததும் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கும்: சிப்பின் பெயர், ஃப்ளாஷின் அளவு, கெர்னலின் பதிப்பு. தானாக பூட் ஆவதை நிறுத்த ஒரு விசையை அழுத்து என்று ஒரு வரி வரும். அந்த நொடியில் அழுத்திவிட்டால் யு-பூட்டின் கட்டளைக் குறி கிடைத்துவிடும். அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் உற்சாகம் பொங்குகிறது.

முதல் வேலை, ஃப்ளாஷ் முழுவதையும் நகல் எடுத்து வைப்பது. புது மென்பொருள் எழுதும் ஆசையில் இதைத் தாண்டிப் போகக்கூடாது. இந்த வகைக் கேமராக்களில் 8 எம்பி அல்லது 16 எம்பி ஃப்ளாஷ்தான் சகஜம். ஆனால் அந்தக் கொஞ்சம் இடத்துக்குள்தான் அந்த ஒரு கேமராவுக்கு மட்டுமே உரிய, வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் மேக் முகவரியும் சில நேரம் அளவுத்திருத்த விவரங்களும் இருக்கும். இரண்டு முறை படித்து, இரண்டு நகல்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். சீரியல் வழி கிடைக்காதவர்கள் சிஎச்341ஏ என்ற மலிவான புரோகிராமரை எட்டுக் கால் கிளிப்போடு பயன்படுத்துகிறார்கள். பரவலாக விற்கும் கறுப்பு நிற வகை 3.3 வோல்ட் சிப்பின் டேட்டா கால்களுக்கு 5 வோல்ட் அனுப்பக்கூடியது என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிளிப்பை போர்டிலேயே மாட்டிப் படித்தால் முதன்மை சிப்பும் அரைகுறையாக விழித்துக்கொண்டு அதே ஃப்ளாஷைப் படிக்கப் போகும். நகல் ஒவ்வொரு முறையும் வேறாக வரும். அப்படி வந்தால் ஃப்ளாஷ் சிப்பைப் போர்டிலிருந்து கழற்றித்தான் படிக்க வேண்டும்.

அடுத்தது பூட் அமைப்பு. யு-பூட் கெர்னலுக்குக் கொடுக்கும் ஒற்றை வரிக் குறிப்பில் பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. சீரியல் திரை எது, ஃப்ளாஷ் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, கோப்பு முறைமை எங்கே என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கேமரா சிப்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஹைசிலிக்கானின் எச்ஐ3516இவி200 சிப்பில் 64 எம்பி நினைவகம் உள்ளேயே இருக்கிறது. அதில் லினக்ஸுக்கு எவ்வளவு, படத்தைக் கையாளும் பகுதிக்கு எவ்வளவு என்று அந்த வரியில்தான் பங்கு பிரிக்கிறோம். லினக்ஸுக்கு அதிகம் கொடுத்தால் வீடியோ தொடங்க இடமிருக்காது. குறைத்துக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் நினைவகம் போதாமல் நிரல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். இந்த எண்ணை வெளியிடாத நிறுவனம், மூல நிரலை வெளியிட்டாலும் பாதிதான் வெளியிட்டிருக்கிறது என்பேன்.

எல்லாம் சரியாகப் போய் படமும் வந்துவிடும். ஆனால் செடி கொடியெல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும். புதிதாகச் செய்கிறவர்கள் சென்சார் கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே பகலில் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் ஒரு சிறு வடிகட்டி இருக்கிறது. இரவில் அது விலகிக்கொள்ளும். புது மென்பொருள் அதைப் பகலிலும் விலகிய நிலையிலேயே விட்டுவிடுவதால்தான் இந்த நிறம். அதை நகர்த்தும் காயிலுக்குக் கணநேரத் துடிப்பு ஒன்று போதும். அந்தத் துடிப்பை எந்தப் பின் வழியாக அனுப்புவது என்பது ஒவ்வொரு போர்டிலும் வேறு. நிறுவனம் அந்தப் பின் எண்ணைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. சொல்லாததால் எத்தனையோ தன்னார்வலர்கள் பின் பின்னாகச் சோதித்து, போர்டு போர்டாகப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓப்பன்ஐபிசி, திஞ்சினோ போன்ற ஓப்பன் சோர்ஸ் கேமரா மென்பொருள் திட்டங்களின் பின்னால் இருப்பது இப்படிப்பட்ட பொறுமையான உழைப்பு. அதற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

அந்த உழைப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. இன்ஜெனிக்கின் டி31 சிப்பில் இயங்கும் கேமராக்கள் ஏராளம். அவற்றுக்குச் சிப் நிறுவனம் கொடுத்த கெர்னல் 3.10.14. அந்த 3.10 வரிசை வெளியானது 2013-இல். 2017-லேயே அதன் பராமரிப்பு முடிந்துவிட்டது. சென்சாரிலிருந்து வரும் கச்சாப் படத்தை நிறம், வெளிச்சம் திருத்தி ஒழுங்காக்கும் பகுதிக்கான நிரல் மூடிய கோப்பாகவே வருவதால், அந்தக் கோப்பு பொருந்தும் கெர்னலோடு எல்லோரும் கட்டுண்டு கிடக்கிறார்கள். பூட்லோடர் திறந்திருந்தும் அங்கே கை கட்டப்படுகிறது.

இதைவிட மோசமானது நிரந்தரப் பூட்டு. சில சிப்களில் ஈஃப்யூஸ் என்று ஒரு பகுதி உண்டு. ஒருமுறை எரித்தால் எரித்ததுதான், திரும்ப மாற்ற முடியாது. நிறுவனத்தின் மின்னணுச் சாவியின் அடையாளத்தை அதில் எரித்துவிட்டால், அந்தச் சாவியால் கையெழுத்திடாத எந்த பூட்லோடரையும் பூட்ராம் ஏற்காது. கையெழுத்துச் சோதனையை நான் எதிர்க்கவில்லை. மிராய் போன்ற தீநிரல்கள் திரியும் உலகில், தெரியாத நிரல் கேமராவில் நிரந்தரமாகக் குடியேறாமல் இருக்க அது நல்ல காவல். என் மனக்குறை அந்தச் சாவியை வைத்திருப்பவரைப் பற்றியது. விற்றவரிடம் மட்டும் சாவி இருந்து, அவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டால், கேமராவின் ஓட்டையை அடைக்க உலகத்தில் ஒருவராலும் முடியாது. உரிமையாளர் தன் சாவியைப் பதிந்துகொள்ளும் வழி வேண்டும், அல்லது ஆதரவை நிறுத்தும் நாளில் நிறுவனம் திறக்கும் வழியை வெளியிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணைய மீள்திறன் சட்டம் (சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட்) 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து பொருந்தும். பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுக்க வேண்டும் என்கிறது அது. வரவேற்கிறேன். ஆனால் நல்ல கண்ணாடி லென்ஸும் சென்சாரும் 5 ஆண்டைத் தாண்டியும் உழைப்பவை. ஆறாவது ஆண்டில் அந்தக் கேமராவை யார் பார்த்துக்கொள்வது?

புதிதாகக் கேமரா கட்ட நினைப்பவர்கள் என்னிடம் எந்த போர்டு நல்லது என்று கேட்பதுண்டு. எல்லோரும் முதலில் சொல்வது ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி போர்டு. பழகுவதற்கு அதைவிடச் சுலபமானது குறைவு. 2016-இல் வந்த இரண்டாம் கேமரா மாட்யூலில் சோனியின் ஐஎம்எக்ஸ்219 சென்சார், 8 மெகாபிக்சல். 2020-இல் வந்த உயர்தர மாட்யூலில் ஐஎம்எக்ஸ்477, 12.3 மெகாபிக்சல். கேபிளைச் செருகிவிட்டு, அமைப்பு விவரங்கள் எழுதும் கன்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதினால் டிவைஸ் ட்ரீ வழியாகக் கெர்னலுக்குச் சென்சார் தெரிந்துவிடும். முன்பு மூடிய நிரலுக்குள் நடந்துகொண்டிருந்த நிற, வெளிச்சத் திருத்தம் இப்போது லிப்கேமரா என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் வந்த பிறகு வெளிப்படையாக நடக்கிறது. விரும்பியவர் படித்துத் திருத்தலாம். இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் அந்த போர்டில் முதலில் விழிப்பது கிராஃபிக்ஸ் பகுதிதான். அதன் தொடக்க நிரல் இன்றும் மூடியதே. இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

ஆல்வின்னர் சிப்களில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அவற்றின் பூட்ராம் முதலில் எஸ்டி கார்டைப் பார்க்கும். எங்கும் எதுவும் கிடைக்காவிட்டால் யுஎஸ்பி வழியாக ஃபெல் என்ற மீட்பு நிலைக்குப் போய்க் காத்திருக்கும். ஃப்ளாஷில் என்ன தப்பாக எழுதினாலும் போர்டு செத்துப்போகாது. 64 எம்பி நினைவகம் உள்ளேயே இருக்கும் வி3எஸ் சிப்பை வைத்துச் செய்த சின்ன போர்டுகள் கற்றுக்கொள்ள அருமையானவை. பிழை செய்து பார்க்கத் துணிச்சல் கொடுப்பது இப்படிப்பட்ட மீட்பு வழிதான். இஎஸ்பி32-கேம் போர்டில் லினக்ஸே கிடையாது. ஓவி2640 என்ற 2 மெகாபிக்சல் சென்சாருடன் வரும் அதில் யுஎஸ்பி துளைகூட இல்லை. ஜிபிஐஓ0 பின்னைக் கிரவுண்டோடு சேர்த்து ரீசெட் செய்தால் நிரல் ஏற்றும் நிலைக்குப் போகும், எடுத்துவிட்டு ரீசெட் செய்தால் ஓடத் தொடங்கும், அவ்வளவுதான். மின்சாரம் மட்டும் பலமாக இருக்க வேண்டும். வைஃபை எழும்போது மின்னழுத்தம் இறங்கினால் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும்.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிப்பது எல்ஃபெல் நிறுவனத்தை. ஆந்த்ரே ஃபிலிப்போவ் 2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கியது. கேமரா போர்டின் வரைபடம், உள் இணைப்புகளை நாமே அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப்புக்கான நிரல், மென்பொருள் அனைத்தையும் வெளியிட்டுவிட்டு அதே கேமராவை விற்றார்கள். அவர்களுடைய 393 வரிசை, ஒரே சிப்பில் ஆர்ம் செயலியும் எஃப்பிஜிஏவும் சேர்ந்த சைலிங்ஸ் ஜிங்க்கில் இயங்குகிறது. அந்த சிப்பை எழுப்ப சைலிங்ஸ் கொடுத்த முதல் நிலை பூட்லோடரின் உரிம விதிகள் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகவில்லை. "இது ஒரு சின்ன நிரல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. யு-பூட்டின் எஸ்பிஎல்லையே அந்தச் சிப்பின் நினைவகத்தை எழுப்பும்படி எழுதி, அதையும் வெளியிட்டார்கள். எல்ஃபெல் கேமராக்களை வைத்துத் தொடங்கிய அபெர்டஸ் குழுதான் பின்னர், ஜிங்க் சிப் கொண்ட மைக்ரோஜெட் போர்டும் சிஎம்வி12000 சென்சாரும் வைத்து ஆக்சியம் பீட்டா என்ற திரைப்படக் கேமராவை உருவாக்கியது. பூட்ராமுக்கு அடுத்த கண்ணி வரை திறந்து வைத்துக்கொண்டும் கேமரா விற்க முடியும் என்பதற்கு இவர்களே போதுமான சாட்சி. வணிக ரகசியம் என்று காரணம் சொல்லும் மற்ற நிறுவனங்கள் இதைப் பார்க்க வேண்டும்.

சட்டமும் அப்படி மூடி வைக்கும் நிறுவனங்களுக்குச் சாதகமாக இல்லை. யு-பூட்டும் லினக்ஸ் கெர்னலும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் கீழ் வருபவை. மூல நிரல் என்றால் நிரல் வரிகள் மட்டும் போதாது. அதைத் தொகுக்கவும் நிறுவவும் உதவும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடங்கும் என்று அந்த உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு மூல நிரல் கேட்டு எழுதியபோது, வெறும் கெர்னல் கோப்புத் தொகுப்பு ஒன்றை அனுப்பிவிட்டு முடித்துக்கொண்டார்கள். போர்டின் கன்ஃபிக் கோப்பு, டிவைஸ் ட்ரீ, யு-பூட், ஃப்ளாஷ் பகுதிகளின் விவரம் எதுவும் அதில் இல்லை. அதைத் தொகுத்தால் கெர்னல் உருவாகும். அந்தக் கேமராவில் மட்டும் ஓடாது. இப்படிக் கொடுப்பது கடமையை நிறைவேற்றியதாக ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

நிறுவனங்கள் செய்ய வேண்டியவற்றில் செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. சீரியல் புள்ளிகளை போர்டில் விட்டு வைத்து எது எது என்று அச்சிடுவது, யு-பூட்டை நிறுத்தக் கிடைக்கும் நேரத்தைப் பூஜ்யமாக்காமல் ஒரு நொடியாவது கொடுப்பது, எஸ்டி கார்டிலிருந்தோ யுஎஸ்பியிலிருந்தோ மீட்கும் வழியை மூடாமல் இருப்பது, பின்களின் பட்டியலை வெளியிடுவது. இடமிருக்கும் போர்டுகளில் ஃப்ளாஷில் இரண்டு நகல் வைத்து, புது நகல் சில முறை பூட் ஆகத் தவறினால் பழையதற்குத் தானாகத் திரும்பும் வசதியை யு-பூட்டிலேயே இயக்கிவிடலாம். அதற்கான எண்ணிக்கைக் கருவி அதில் எப்போதோ இருக்கிறது.

சீரியல் புள்ளிகளைத் திறந்து வைத்தால் திருடன் உள்ளே நுழைந்துவிடுவானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் கேமராவைக் கழற்றி, மூடியைத் திறந்து, கம்பி இணைக்கும் அளவு நேரம் கிடைத்த ஒருவன் ஃப்ளாஷ் சிப்பையே கழற்றிப் படிக்கலாம். மிராய் சீரியல் கம்பியைத் தேடிப் போகவில்லை; 60-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைப் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு வலையமைப்பு வழியாக வந்தது. கேமரா திருடுபோகும் இடத்தில் வைப்பவர்களுக்கு, உரிமையாளரின் சாவியோடு கூடிய கையெழுத்துச் சோதனை போதிய காவலாக இருக்கும்.

உங்கள் நாளிதழ் புதிய கேமராக்களை மதிப்பிட்டு எழுதுகிறது. அதைப் பலர் நம்பி வாங்குகிறார்கள். அடுத்த முறை நிறுவனங்களிடம் இவற்றையும் கேட்டு, வரும் பதிலை அப்படியே வெளியிடுங்கள்: பூட்லோடரை உரிமையாளர் மாற்ற முடியுமா, சாவி யாரிடம் இருக்கிறது, மென்பொருள் கெட்டால் மீட்கும் வழி என்ன, கெர்னல் எந்தப் பதிப்பு, போர்டின் கன்ஃபிக்கும் டிவைஸ் ட்ரீயும் எங்கே கிடைக்கும். பதில் தர மறுத்தால் அதையும் அச்சிடுங்கள். மெகாபிக்சல் எண்ணிக்கைக்கு ஒதுக்கும் இடத்திலேயே இது அடங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மின்னணு போர்டுகள் பழுதுபார்ப்பவர்